ஆறு ஊர், நாலு பேர்

2025ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி, திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, ஆம்பூர் ரயில் நிலையத்துக்கு மேற்கே உள்ள ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசைமேல், ஆறு ஐரோப்பிய நகரங்களின் பெயர்களும் நான்கு பயணிகளின் பெயர்களும் எழுதிய தாள் ஒன்று இருந்தது. அந்த வீட்டில் ஐந்து பேர் வசித்தார்கள்.

இட்லித் தட்டை வைக்க இடம் தேடித்தான் ரோஸ் அந்தத் தாளை நகர்த்தினாள். கணவர் ஜெயகரனின் கையெழுத்து. முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிப் பழகிய, வரி பிசகாத கையெழுத்து. ரோம் மூன்று இரவு, ஃப்ளாரன்ஸ் இரண்டு, வியன்னா இரண்டு, ப்ராக் இரண்டு, ஸ்டுட்கார்ட் ஒன்று, பாரிஸ் இரண்டு. ஓரத்தில் சிவப்பு மையில் சிக்கனக் குறிப்புகள். ‘கன்னியாஸ்திரீ மடத்து விடுதி, வாடகை கம்மி, பதினொன்றுக்குள் திரும்ப வேண்டும்.’ ‘ஜூன் 1 ஞாயிறு, மியூசியம் இலவசம்.’ ‘சின்ன ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டில்.’ ‘ஸ்டுட்கார்ட், ஃபீபி வீடு, அறைச் செலவு இல்லை.’

அதற்குக் கீழே பெயர்கள். ஜெயகரன். அன்னம்மாள். ஜோனதன். பிரிஸ்கில்லா.

தன் பெயர் பின்பக்கம் இருக்குமோ என்று ரோஸ் தாளைப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கத்தில் பாஸ்போர்ட் போட்டோ எந்த அளவில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

“ஏங்க, இதுல நாலு பேருதான் எழுதியிருக்குது.”

ஜெயகரன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஆமா.”

“அஞ்சாவது?”

“உனக்கு அந்தக் குளிர் ஒத்துக்காது ரோஸு. முட்டி வலி வேற.”

“ஜூன் மாசம் இன்னா குளிரு?”

“அங்கெல்லாம் ஜூன்லயும் குளிரும்” என்றாள் அன்னம்மாள், காபி டம்ளரை ஆற்றிக்கொண்டே. அவள் ஜெயகரனின் அக்கா. நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்த பிறகு பதினாறு வருடமாக இந்த வீட்டில்தான் இருக்கிறாள். “பஸ்ஸு மாறணும், படி ஏறணும், கல்லு பாவுன ரோட்டுல மைல் கணக்கா நடக்கணும். சுத்திப் பாக்கப் போற எடத்துல ஒருத்திய உக்கார வெச்சுட்டு நாங்க காவல் காக்க முடியுமா?”

இடுப்பு உடைந்து ப்ளேட் வைத்திருப்பது நீங்கள்தானே அண்ணி என்று ரோஸுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அப்படி வந்ததை எல்லாம் பேசியிருந்தால் இந்த வீட்டில் முப்பத்து மூன்று வருடம் ஓடியிருக்காது. விழுங்கிக்கொண்டாள்.

மகன் ஜோனதனும் மருமகள் பிரிஸ்கில்லாவும் வேலூரில் ஒரே மருத்துவமனையில் வேலை செய்கிறார்கள். அவன் அலுவலகத்தில், அவள் லேபில். ஏழு இருபது பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பிரிஸ்கில்லா டிபன் பாக்ஸை வாங்கியவள், மாமியாரின் முகத்தைப் பார்க்காமலேயே “வர்றேன் அத்த” என்றாள். ஜோனதன் மட்டும் வாசலில் நின்று செருப்பை மாட்டியபடி சொன்னான்.

“அடுத்த வருஷம் உன்ன தனியா கூட்டிட்டுப் போறேம்மா. இப்பவே அத ஒரு பேஜாராக்காத.”

அவள் பேஜார் பண்ணவில்லை. தட்டுகளை எடுத்தாள், கழுவினாள், கவிழ்த்தாள். அந்த வீட்டில் யாருக்கும் அவளுடைய மௌனம் பெரிதாகப் பட்டதில்லை.

உள்ளே மட்டும் ஒரு கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. மகள் ஃபீபி ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போய் நாலு வருடமாகிறது. ஒருமுறைகூட வர முடியவில்லை. இந்தப் பயணமே அவளைப் பார்க்கத்தான் என்று போன கிறிஸ்மஸுக்கு ஆரம்பித்த பேச்சு. இரண்டு மாதத்துக்குள் அது ஆறு ஊராகி, மகளுக்கு ஒரு இரவாகி, அந்த ஒரு இரவிலும் அம்மா இல்லை என்றாகியிருக்கிறது.

மூன்று வாரமாக ஃபீபியிடமிருந்து போனும் இல்லை.

மதியம் மூன்றரைக்கு, அங்கே காலை பதினொன்றாக இருக்கும் என்று கணக்குப் பார்த்து, ரோஸ் தானே கூப்பிட்டாள்.

“சொல்லும்மா.” குரல் கட்டையாக இருந்தது.

“இன்னாடி, போனே காணோம்? டியூட்டி ஜாஸ்தியா?”

“டியூட்டி எப்பவும் போலதான்.”

“அப்புறம் இன்னா?”

ஃபீபி, “நீதான் வரமாட்டேன்னு சொல்லிட்டியே. உங்கிட்ட இன்னா பேசறதுன்னு தெரியல எனக்கு” என்றாள்.

“நான் எப்ப சொன்னேன்?”

“அப்பா சொன்னாரு. உங்கம்மாவ எவ்ளோ கெஞ்சிப் பாத்துட்டோம், ப்ளேன்ல ஏறவே பயப்படுறா, வேணவே வேணான்றான்னு. சரி, பயமா இருக்கும்னு நான் மூணு நாள் என்னையே சமாதானம் பண்ணிக்கிட்டேன். அப்புறம் கோவம் வந்துச்சும்மா. போன வருஷம் எனக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் பண்ணப்ப, ஃபார்ம்ல பக்கத்துல யார் இருப்பாங்கன்னு கேட்டாங்க. நான் கோடு போட்டுட்டு வந்தேன். அப்பகூட நான் உங்கள கூப்பிடல. இப்ப டிக்கெட் போட்டு வான்னாகூட, பயமா இருக்குன்னு…”

அவளால் முடிக்க முடியவில்லை.

“ஃபீபி, நான் சொல்றத கேளு. என்கிட்ட யாருமே கேக்கல. நான் வரமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லல. அந்தத் தாளுல எம் பேரு இல்லன்னே இன்னிக்கி காலையிலதான் எனக்குத் தெரியும்.”

மறுபக்கத்தில் அழுகை கேட்டது. சின்ன வயதில் முழங்கால் சிராய்த்துக்கொண்டு வந்து அழுவாளே, அதே மாதிரி விக்கி விக்கி.

ரோஸ் அழவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் சுட்டது. தன்னை விட்டுவிட்டுப் போவது ஒன்று. அதையாவது பொறுத்துக்கொள்வாள், பழக்கம்தான். பெற்ற மகளிடம் தன்னைப் பற்றிப் பொய் சொல்லி, மூன்று வாரம் இரண்டு பேரையும் பேசவிடாமல் செய்திருக்கிறார்கள்.

போனை வைத்ததும் ஜெயகரனின் மேசைக்குப் போனாள். பயணத்துக்கான நீல ஃபைல் அங்கே இருந்தது. போட்டோக்கள், பென்ஷன் சான்று, விடுப்புக் கடிதங்கள். நடுவில் ஒரு வங்கி வைப்பு ரசீதின் நகல். அது ஷூ கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றபோது ரோஸுக்கு வந்த பி.எஃப். பணம். முதல் பெயர் ரோஸ், இரண்டாவது பெயர் ஜெயகரன்.

அன்று மாலை ஆறு மணிக்கு எல்லோரும் டீ குடிக்க உட்கார்ந்தபோது, அவள் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“இதுல எம் பேரு இருக்குது. இதுல இல்ல. எப்டின்னு எனக்கு யாராவது சொல்லுங்க.”

ஜோனதன் அப்பாவைப் பார்த்தான். “விசாவுக்கு பேங்க்ல பணம் இருக்குதுன்னு காட்டணும்மா. அவ்ளோதான். யாரும் அத எடுக்கப் போறதில்ல.”

“எடுத்தா கூட பரவால்லடா. பணத்த காட்டலாம், ஆள காட்டக் கூடாதா?”

“ரோஸு, பொறுமையா பேசு” என்றார் ஜெயகரன்.

“ஃபீபிகிட்ட நான் ப்ளேனுக்கு பயப்படுறேன்னு சொன்னீங்களே, அதுவும் பொறுமையாதான் சொன்னீங்களா?”

பிரிஸ்கில்லா டம்ளரைக் கீழே வைத்தாள். அவளுக்கு அது புதிதாக இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. “மாமா, அத்தயே வேணான்னுட்டாங்கன்னுதான என்கிட்டயும் சொன்னீங்க.”

ஜெயகரன் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார். “சரி. சொல்லிடறேன். உன் விரல்தான் காரணம். போன வருஷம் ரேஷன் கடையில இன்னா ஆச்சு? கார்டுல இருக்கிற எல்லாரும் விரல் வெக்கணும்னாங்க. நாங்க நாலு பேரும் வெச்சோம். உனக்கு ரேகை விழல. உன் ஒருத்தி விரலுக்காக நம்ம கார்டையே நிறுத்தி வெச்சுட்டாங்க. மூணு மாசம் அலைஞ்சேன், கண்ண பாக்குற மிஷின் வந்தப்புறம்தான் சரியாச்சு. இதுவும் ஃபேமிலி ஃபைலு. விசா ஆபீஸ்ல பத்து விரலும் வெக்கணும். உனக்கு ஒண்ணு விழலன்னா அஞ்சு பேரு ஃபைலையும் தூக்கிப் போட்டுடுவாங்க. கட்டின பணம் அவ்ளோவும் போய்டும்.”

“அத என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னா நீ மனசு கஷ்டப்படுவ.”

ரோஸ் தன் கைகளைப் பார்த்தாள். ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டி வரும் தோல் துண்டின் ஓரத்தில் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, நகத்தால் மடித்து, விரலால் அழுத்தி நீவி, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அதுதான் மடிப்பு வேலை. கையுறை கொடுத்திருந்தார்கள். போட்டால் ஓரம் சுருங்கும், டார்கெட் வராது, சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பான். அதனால் அது மேசை டிராயரிலேயே கிடக்கும். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்வையிட வரும் நாளில் மட்டும் கைக்கு ஏறும். முப்பத்தொரு வருடம் அந்த வேலை. முதலில் தோல் உரிந்தது, அப்புறம் காய்த்தது, கடைசியில் கண்ணாடி மாதிரி வழவழத்துவிட்டது. ஃபீபியின் நர்சிங் படிப்பும் அவளுடைய ஜெர்மன் வகுப்பும் அந்த மேசையிலிருந்துதான் வந்தன.

“இந்த விரலு எப்டி தேஞ்சுதுன்னு உங்க யாருக்கும் தெரியாதில்ல” என்றாள். அவள் குரல் உயரவில்லை. டீ ஆறிப்போனது.

மறுநாள் காலை அவள் மூன்றாவது வீட்டுக்குப் போனாள். ரஃபத் ஜஹானும் அவளும் ஒரே மடிப்பு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். ஒரே மாதம் ஓய்வு பெற்றவர்கள். ரஃபத் முழுக் கதையையும் கேட்டாள். பிறகு தன் வலது கையை விரித்து ரோஸின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“இதுல இன்னாடி இருக்குது? ஒண்ணாச்சும் கோடு தெரியுதா?”

“இல்ல.”

“நான் உம்ரா யாத்திரை போய்ட்டு வரல? ஜித்தா ஏர்போர்ட்ல அந்த ஆளு நாலு தடவ வெச்சான். துணி போட்டுத் தொடச்சு வெச்சான். விழல. ஏதோ எழுதிக்கிட்டான், போங்கன்னு கைய காட்டுனான். என் பின்னாடி எங்க மருமக, எம் பையன், யாரயும் நிறுத்தல. உங்க வீட்டு வாத்தியாரு, ரேஷன் கடைய எடுத்துட்டுப் போய் ஜெர்மனியில வெச்சிருக்காரு.”

ரோஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. ரஃபத் தன் துப்பட்டா நுனியால் அதைத் துடைத்துவிட்டு, “அழுவறதுக்கு எல்லாம் டைம் இல்ல. பர்ஸ எடு. வேலூர் போலாம். உங்க வீட்டு விசா ஏஜெண்டு வாயாலயே கேட்டுடலாம்” என்றாள்.

ஏஜெண்டின் பெயர் இன்பராஜ். வேலூரில் புனித நாட்டுப் பயணங்களுக்கு ஆள் சேர்ப்பவர். சுவரெங்கும் எருசலேம் படங்கள். ஜெயகரன் சாரின் மனைவி என்றதும் எழுந்து நின்றார்.

“நீங்க வரலன்னு சார் சொன்னாரும்மா. உடம்பு முடியலன்னாரு.”

ஆளுக்கு ஆள் ஒரு காரணம் என்று ரோஸ் நினைத்துக்கொண்டாள். “விரல் விழாதுன்னா விசா குடுக்க மாட்டாங்களா சார்? ஒருத்திக்கு விழலன்னா மத்தவங்களுக்கும் இல்லன்றாங்களே.”

“யார் சொன்னது? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி விண்ணப்பம். ஒருத்தர்து ஒருத்தர கட்டுப்படுத்தாது. விரல் தேஞ்சவங்களுக்கு எத்தன விழுதோ அத்தன எடுப்பாங்க, விழாதத எழுதி வெப்பாங்க. என் மாமியா பேர்ணாம்பட்டுல ஷூ கம்பெனில இருந்தவங்க, அவங்களுக்கும் இதே கததான்.” அவர் கொஞ்சம் யோசித்தார். “சார் உங்க விரலப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலம்மா. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். உங்ககிட்ட பாஸ்போர்ட் இருக்குதில்ல?”

“இருக்குது. நாலு வருஷம் ஆவுது.”

“அது எடுக்கறப்ப விரல் விழுந்துச்சா?”

ரோஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். விழவில்லை. ஃபீபி ஜெர்மனிக்குப் போன வருடம் அது. ஜெயகரன்தான் பக்கத்தில் நின்றார். அந்தப் பெண் மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றாள். பதினைந்தே நாளில் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

அப்படியென்றால் அவருக்குத் தெரியும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ரோஸ் அதை ரஃபத்திடம் சொன்னாள். பள்ளிகொண்டா தாண்டியதும் ரஃபத், “கேட்டுடு. இல்லன்னா அது உள்ளயே கெடந்து அரிக்கும்” என்றாள்.

ரோஸ் உடனே கேட்கவில்லை. முதலில் ஃபீபியிடம் அழைப்புக் கடிதம் வாங்கினாள். வங்கிக்குப் போய்த் தன் பெயருக்கு வேண்டிய காகிதங்களை எடுத்தாள். இன்பராஜ் மூலமாகத் தனியாக விண்ணப்பம் எழுதி, மார்ச் 6ஆம் தேதிக்கு நேரம் வாங்கினாள். எல்லாம் முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள்.

“மே மாசம் பதினாலாம் தேதி நான் ஃபீபிகிட்ட போறேன். தனியா.”

அன்னம்மாளின் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டியிலேயே நின்றது. ஜோனதன், “தனியாவா? ப்ளேன் மாறணும்மா, உனக்கு இங்கிலீஷ்…” என்று ஆரம்பித்தான்.

“கம்பெனிக்கு வந்த வெள்ளக்காரங்ககிட்ட எல்லாம் உங்கப்பாவா வந்து பேசுனாரு?”

ஜெயகரன், “விரலு?” என்றார்.

“ஏஜெண்டு சொல்லிட்டாரு. ஒருத்தர்து ஒருத்தர கட்டுப்படுத்தாதாம். அது உங்களுக்குத் தெரியாது, சரி. ஆனா பாஸ்போர்ட் எடுத்தப்ப எனக்கு விழலன்றது தெரியும். விழாமயே பாஸ்போர்ட் வந்துச்சுன்றதும் தெரியும். கையெழுத்துப் போட்டு வாங்குனதே நீங்க.” அவள் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். “அதனால விரல் காரணம் இல்ல. இன்னா காரணம்னு இப்ப சொல்லுங்க. பசங்க முன்னாடியே சொல்லுங்க.”

ஜெயகரன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார்.

“பாஸ்போர்ட் ஆபீஸ்ல அன்னிக்கி அந்தப் பொண்ணு கேட்டுச்சு” என்றார். “ஏன் சார் இப்டி இருக்குது, இவங்க இன்னா வேல செய்யறாங்கன்னு. பின்னாடி க்யூவுல நம்ம சபை ஆளுங்க ரெண்டு பேரு, எங்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன். நான்… வீட்டு வேலன்னு சொன்னேன். பாத்திரம் தேச்சு தேச்சு அப்டி ஆயிடுச்சுன்னேன். விசா ஆபீஸ்லயும் எல்லார் முன்னாடியும் அதயே கேப்பாங்கன்னுதான்…”

ரோஸுக்கு அது ஞாபகம் இருந்தது. அவர் அந்தப் பெண்ணிடம் குனிந்து ஏதோ சொன்னார், தனக்காகப் பரிந்து பேசுகிறார் என்று அன்று நினைத்திருந்தாள்.

“முப்பத்து மூணு வருஷமா பாக்கறேன்” என்றாள். “கல்யாணப் பத்திரிகையில ‘ஏற்றுமதி நிறுவனம்’னு போட்டீங்க. சபை ரெஜிஸ்டர்லயும் அப்டியே. ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு என்ன ஒரு தடவ கூட கூட்டிட்டுப் போகல. நான் கேக்கல, உங்களுக்கு வேல ஜாஸ்தின்னு நெனச்சேன். ஷிப்ட் முடிச்சு வர்றப்ப என் மேல தோல் வாட அடிக்கும், சொல்யூஷன் வாட அடிக்கும். அந்த வாடையிலதான் இந்த வீட்டுக்கு மாடி எழும்புச்சு. அது வெக்கமா உங்களுக்கு? எல்லாரும் ஒதுக்குன சமாரியா ஸ்திரீய பத்தி மணிக்கணக்கா பைபிள் ஸ்டடி எடுக்கறீங்களே. கட்டுனவ செஞ்ச வேலய வாய் விட்டு சொல்ல முடியல. எனக்கு வெக்கமாயிடும்னு ஒளிச்சேன்னு சொல்லாதீங்க. எனக்கு ஒரு நாளும் வெக்கம் இருந்ததில்ல.”

பிரிஸ்கில்லா அழுதுகொண்டிருந்தாள். ஜோனதன் தலை குனிந்திருந்தான்.

அன்னம்மாள் கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்தாள். எப்போதும் அதிகாரமாகவே வரும் அவளுடைய குரல் அன்று மெல்ல வந்தது.

“ஜெயகரா, எம் பேர அடிச்சுடு.”

“அக்கா, நீ ஏன்…”

“பதினாலு வருஷம் முன்னாடி இவ கம்பெனியிலேர்ந்து ரெண்டு பொம்பளைங்கள இத்தாலிக்கு ட்ரெய்னிங் கூப்ட்டாங்க. ஞாபகம் இருக்குதா? இவ பேரு மொதல்ல இருந்துச்சு. அந்த வாரம்தான் நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டேன். நர்ஸ் வெச்சுக்கலாம்னு நீ சொன்ன. நான்தான் வெளியாளு கைய வெக்க விடமாட்டேன்னேன். இவ போகல. நாலு மாசம் என்ன தூக்கித் தூக்கி உக்கார வெச்சா. அப்ப விசாவுக்கு விரலே கேக்கல.” அன்னம்மாள் மூக்கை உறிஞ்சினாள். “ஒரு தடவ கூட என்கிட்ட அத சொல்லிக் காட்டல இவ. நான்தான் ராவும் பகலும் இவள கொற சொன்னேன். சொல்லிக் காட்டிடுவாளோன்ற பயத்துலயே சொன்னேன்னு வெய்யி. இவ எடத்துல நான் போறதா? என்னால முடியாது.”

அவள் எழுந்து வந்து ரோஸின் கையைப் பிடித்தாள். நர்சுக்குப் பழகிய பிடி, நாடி பார்ப்பது போல. பிறகு அந்த வழவழத்த விரல்களைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். ரோஸ் இன்னொரு கையால் அவள் முதுகைத் தடவினாள்.

“உங்க பேர அடிக்க வேணாம் அண்ணி. நான் யாரு எடத்துலயும் போகல.”

ஜெயகரன் சாப்பிடாமல் எழுந்துபோய்க் குழாயடியில் நின்றார். அன்றும் அதற்கடுத்த வாரமும் அவர் ரோஸிடம் பேச முயன்றபோதெல்லாம் அவள் “ம்” என்று மட்டும் சொன்னாள். மன்னிப்பு என்பது கேட்ட உடனே எடுத்துக் கொடுக்கிற பண்டம் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த வாரத்தில் மேசைமேல் புதிதாக ஒரு தாள் எழுதப்பட்டது. அதில் ப்ராக் இல்லை. அந்த இரண்டு இரவும் ஸ்டுட்கார்ட்டுக்குப் போயிருந்தன. ரோஸ் அதைப் பார்த்தாள், இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மார்ச் 6ஆம் தேதி அதிகாலை, சென்னை ரயிலுக்காக ரோஸும் ரஃபத்தும் ஆம்பூர் பிளாட்பாரத்தில் நின்றபோது, ஜெயகரன் பின்னாலேயே வந்து நின்றார். கையில் தண்ணீர் பாட்டில்.

“நீங்க எதுக்கு?” என்றாள் ரோஸ்.

“சும்மா. கூட வர்றேன்.”

ரஃபத் ரோஸின் முழங்கையை இடித்துவிட்டு, “வாத்தியாரு டிக்கெட் எடுத்தாச்சான்னு கேளு. இல்லன்னா ஜோலார்பேட்டை ஜனம் ஏறுன பொட்டியில நின்னுக்கிட்டேதான் வரணும்” என்றாள். அவர் எடுத்திருந்தார். அப்படியும் உட்கார இடமில்லை, நின்றுகொண்டேதான் வந்தார்.

விசா மையத்துக்குள் விண்ணப்பதாரரை மட்டும்தான் விடுவார்கள். ரஃபத்தும் ஜெயகரனும் வெளியே நடைபாதையில் நின்றார்கள். ரோஸின் முறை வர ஒரு மணி நேரம் ஆனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இடது கை நான்கு விரல்களை வைக்கச் சொன்னாள். திரையில் சிவப்பு வந்தது. ஈரத் துணியால் துடைத்து மறுபடி. சிவப்பு. வலது கை. சிவப்பு. ரேஷன் கடையில் பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டியது காதில் கேட்பது போல் இருந்தது.

“என்ன வேலை செஞ்சீங்கம்மா?”

“ஷூ கம்பெனி. மடிப்பு.”

“சரி. ஒவ்வொண்ணா வைங்க. அவசரம் இல்ல.”

இரண்டு சுண்டு விரல்களும் ஒரு மோதிர விரலும் விழுந்தன. மற்ற ஏழுக்கும் அந்தப் பெண் ஏதோ தட்டச்சு செய்தாள், ரசீதைக் கொடுத்தாள், அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள். மொத்தம் பன்னிரண்டு நிமிடம்.

ரோஸ் வெளியே வந்தபோது ஜெயகரனின் முதுகுதான் தெரிந்தது. வெயில் ஏறியிருந்தது. ரஃபத் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஜெயகரனுக்குப் பக்கத்தில் யாருக்காகவோ காத்துக்கொண்டு, கோட்டுப் போட்ட ஒருவர் நின்றிருந்தார்.

“உள்ள போனது உங்க மிசஸா சார்? ரொம்ப நேரம் ஆவுதே, ஏதாவது ப்ராப்ளமா?” என்று அவர் கேட்டார்.

“அவங்களுக்கு விரல்ல ரேகை தேஞ்சு போச்சு” என்றார் ஜெயகரன். “முப்பத்தொரு வருஷம் ஆம்பூர்ல ஷூ கம்பெனியில தோல் மடிச்சாங்க. எங்க குடும்பம் அதுலதான் வளந்துச்சு.”

வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் அதைச் சொன்னார். க்யூவில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ரோஸ் பக்கத்தில் போய் நின்றாள். அவர் திரும்பினார். அவள் கேட்டுவிட்டாள் என்று தெரிந்ததும் அவருடைய முகம் கோணியது. கண்ணாடியைக் கழற்றினார், மாட்டவில்லை. நடுத்தெருவில், அறுபத்து மூன்று வயதில், சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். ரோஸ் அவர் கையைப் பிடித்து மரத்தடி நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“நானும் உன்கூட பதினாலாம் தேதியே வரட்டா?” என்று கேட்டார், கொஞ்சம் தெளிந்த பிறகு.

“வேணாம். நீங்க உங்க ப்ளான்படி வாங்க. எம் பொண்ணுகூட நான் மூணு வாரம் தனியா இருக்கணும்.”

“சரி” என்றார்.

ரோஸின் விசா மார்ச் 27ஆம் தேதி கூரியரில் வந்தது. மற்ற நான்கு பேருடைய விசா ஏப்ரல் மாதம் வந்தது. மே 14ஆம் தேதி, புதன்கிழமை, ரோஸ் சென்னையிலிருந்து தனியாகப் புறப்பட்டு ஸ்டுட்கார்ட் போய்ச் சேர்ந்தாள். மற்றவர்கள் மே 29 அன்று ரோமுக்குக் கிளம்பினார்கள். ஜூன் 6 முதல் 9 வரை ஆறு பேரும் ஃபீபியின் வீட்டில் இருந்தார்கள்.